கோணங்களை வகைப்படுத்தக் கற்பித்தல்

ஒரு மாணாக்கரிடம் கோணமானியைக் கொடுத்து, அகன்று கிடக்கும் ஒரு கோணத்தை அளக்கச் சொன்னால், 110 பாகை என்று எழுத வேண்டிய இடத்தில் 70 பாகை என்று எழுதிவிடுவது எந்தப் பள்ளியிலும் காணக்கூடிய தவறாகும். கருவியை அவர் சரியாகவே வைத்திருப்பார்; கோட்டையும் சரியாகவே பார்த்திருப்பார். ஆயினும் கோணமானியின் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒன்றும், வலமிருந்து இடமாக ஒன்றுமாக இரண்டு எண்வரிசைகள் உள்ளன. அவற்றுள் பொருந்தாத வரிசையை அவர் படித்துவிட்டார்.

இதனினும் கவலைக்குரியது வேறொன்று உண்டு. கண்ணெதிரே செங்கோணத்தைவிட அகன்றிருக்கும் ஒரு கோணத்துக்கு 70 என்று எழுதும்போது, 'இது எவ்வாறு 90-க்குக் குறைவாக இருக்கக்கூடும்?' என்னும் ஐயம் அவருக்கு எழவில்லை. 'இக்கோணம் எவ்வகையைச் சேர்ந்தது?' என்று அடுத்த வினாவில் கேட்டால், '70 என்பது 90-க்குக் குறைவு. ஆகவே இது குறுங்கோணம்' என்று விடை எழுதுவார். விதியைப் பிழையின்றிக் கையாண்டு பிழையான முடிவை அடைகின்றார்.

இத்தவறு நேர்வதற்குக் காரணம் பாடத்தை நடத்தும் முறையிலேயே அமைந்துள்ளது. முதலில் அளத்தல், பின்பு அளவைக் கொண்டு வகையைக் கூறுதல் என்பதே பெரும்பாலும் பின்பற்றப்படும் வரிசை. அளப்பதற்கு முன்னரே கண்ணாலும் கையாலும் வகையைத் துணிந்து, பின்பு அளவைக் கொண்டு அத்துணிபைச் சரிபார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தினால், வகைப்படுத்தல் என்பது மனப்பாடத்துக்குரிய ஒரு பட்டியலாக நின்றுவிடாது. அளவீட்டைக் காக்கும் கருவியாகவும் அமையும்.

வகைகளும் பெயர்களும்

0 பாகைக்கு மேற்பட்டு 90 பாகைக்குக் குறைந்தது குறுங்கோணம். சரியாக 90 பாகை உள்ளது செங்கோணம். 90-க்கு மேற்பட்டு 180-க்குக் குறைந்தது விரிகோணம். சரியாக 180 பாகை உள்ளது நேர்க்கோணம். 180-க்கு மேற்பட்டு 360-க்குக் குறைந்தது பின்வளைகோணம். 360 பாகை என்பது ஒரு முழுச் சுற்று.

இப்பெயர்கள் தம்மளவிலேயே பொருள் விளங்க நிற்பவை. குறுகி நிற்பது குறுங்கோணம். விரிந்து நிற்பது விரிகோணம். செங்கோணம் என்பதில் உள்ள 'செம்மை' ஒழுங்கையும் நேர்மையையும் குறிப்பது. பெயரின் பொருளை முதலில் விளக்கிவிட்டால் வரையறையை நினைவில் வைப்பது எளிதாகும்.

பெங்களூரின் அடுகோடி போன்ற பகுதிகளில் இம்முறைக்குத் தனிப் பயன் உண்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் வீட்டுமொழிகளாக வழங்கும் இடம் அது. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் மற்றொரு மொழியும் பயிலும் சிறுவர் பலர். கன்னடத்தில் குறுங்கோணம் 'லகு கோன' எனவும், செங்கோணம் 'லம்ப கோன' எனவும், விரிகோணம் 'விசால கோன' எனவும், நேர்க்கோணம் 'சரள கோன' எனவும் வழங்கும். லகு என்பது சிறியது; விசாலம் என்பது அகன்றது; சரளம் என்பது நேரானது. லம்பம் என்பதோ தொங்குவதைக் குறிக்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல் தரைமட்டத்துடன் ஆக்கும் கோணமே லம்ப கோணம். இரு மொழிப் பெயர்களையும் ஒருங்கே கரும்பலகையில் எழுதிப் பொருளைக் கேட்டால், சிறுவர்கள் ஒரு மொழியில் தெரிந்ததை மற்றதற்குத் தாமே கொண்டு செல்வர்.

அளவுக்கு முன் ஒப்பீடு

கோணங்களை வகைப்படுத்துவதற்குப் பாகை இன்றியமையாததன்று. கி.மு. 300-ஐ ஒட்டி யூக்ளிட் இயற்றிய வடிவ கணித நூலில் பாகை என்னும் அலகே பயன்படுத்தப்படவில்லை. ஒரு நேர்கோட்டின்மீது மற்றொரு நேர்கோடு நின்று, இரு பக்கமும் சமமான கோணங்களை உண்டாக்கினால், அவை ஒவ்வொன்றும் செங்கோணம் என்று அவர் வரையறுத்தார். அதனினும் பெரியது விரிகோணம், சிறியது குறுங்கோணம். ஒப்பிடுதல் ஒன்றே அங்குப் போதுமானதாக இருந்தது.

வட்டத்தை 360 பாகங்களாகப் பகுக்கும் முறை, 60-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணிய பாபிலோனிய வானியலாரிடமிருந்து பரவியது. இந்தியாவிலும் அது பண்டுதொட்டு வழங்கியது. கி.பி. 499-ஐ ஒட்டிய ஆரியபட்டீயம், 90 பாகையை 24 சமக் கூறுகளாக, அதாவது 3 பாகை 45 கலைகளாகப் பகுத்து, அவற்றுக்குரிய ஜ்யா அட்டவணையைத் தருகின்றது. வகுப்பிலும் இதே வரிசையில் முதலில் ஒப்பீட்டையும் பின்பு எண்ணையும் அமைத்துக்கொள்வது இயல்பாகும்.

ஒப்பிடுவதற்குச் செலவில்லாத கருவி ஒரு துண்டுக் காகிதமே. ஓரங்கள் ஒழுங்கற்ற பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து ஒரு முறை மடித்தால், மடிப்பு ஒரு நேர்கோடாகும். அம்மடிப்பின் ஒரு பகுதி மறுபகுதியின்மீது சரியாகப் பொருந்துமாறு மீண்டும் மடித்தால் கிடைக்கும் மூலை செங்கோணமாகும். ஒழுங்கற்ற காகிதத்தையே கொடுத்தல் வேண்டும். செவ்வகத் தாளைக் கொடுத்தால், அதன் மூலை ஏற்கெனவே செங்கோணமாக இருப்பதால், மடிப்பினால் செங்கோணம் பிறப்பதைச் சிறுவர் உணரமாட்டார். நான்கு சம கோணங்கள் ஒரு புள்ளியைச் சூழ்ந்திருத்தலைத் தாளை விரித்துக் காட்டினால், யூக்ளிடின் வரையறை கைக்கு வந்துவிடும்.

காகித மடிப்பைக் கணிதக் கல்விக்குக் கொண்டுவந்தவருள் முற்பட்ட ஒருவர் சென்னை மாகாணத்தவரான டி. சுந்தரராவ். காகித மடிப்பினால் வடிவ கணிதப் பயிற்சிகளைச் செய்யும் முறையை விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1893-இல் சென்னையில் அச்சாயிற்று. குழந்தைகளின் கிண்டர்கார்ட்டன் விளையாட்டுப் பொருள்களுள் ஒன்றான காகித மடிப்பே தமக்கு அந்நூலுக்குரிய எண்ணத்தைத் தந்ததென அவர் குறிப்பிட்டுள்ளார். ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் அந்நூலைச் சுட்டிக் காட்டியதன்பின் அது அயல்நாடுகளிலும் அறியப்பட்டு, 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பாயிற்று. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2024-இல் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணித நூலிலும் காகிதத்தை மடித்துக் கோணமானி செய்யும் பயிற்சி இடம்பெற்றுள்ளது.

செங்கோணக் காகிதம் கையில் வந்தபின், வகுப்பறையிலுள்ள கோணங்களை அதனுடன் ஒப்பிட்டு மூன்று குழுக்களாகப் பிரிக்கச் சொல்லலாம். காகித மூலை கோணத்தை மூடி மீறினால் அது குறுங்கோணம். சரியாக மூடினால் செங்கோணம். மூடாது இடைவெளி எஞ்சினால் விரிகோணம். கதவின் மூலை, திறந்த புத்தகம், கத்தரிக்கோல், கூரையின் முகடு, கடிகார முட்கள் ஆகிய அனைத்தும் இதற்கு உதவும். 3 மணிக்கு முட்கள் செங்கோணத்திலும், 2 மணிக்குக் குறுங்கோணத்திலும், 5 மணிக்கு விரிகோணத்திலும், 6 மணிக்கு நேர்க்கோணத்திலும் நிற்கும். இக்கட்டத்தில் எண் எதையும் கேட்கலாகாது.

மாணாக்கர் இடறும் இடங்கள்

கோணத்தைப் பற்றிய தவறான கருத்துக்கள் சில பெரும்பாலும் ஒரே மாதிரியாகத் தோன்றுகின்றன.

முதலாவது, கைகள் நீண்டால் கோணம் பெரிதாகும் என்பது. 40 பாகைக் கோணம் ஒன்றை நீண்ட கோடுகளாலும், 60 பாகைக் கோணம் ஒன்றைக் குறுகிய கோடுகளாலும் வரைந்து காட்டினால், முன்னதே பெரிது என்போர் பலர். கதவின் அகலம் மாறாதிருக்கையில் அது திறக்குந்தோறும் கோணம் மாறுவதையும், ஒரே கோணத்தின் கைகளை நீட்டினாலும் காகித மூலை அவ்வாறே பொருந்துவதையும் காட்டி இதைத் திருத்தலாம். கோணம் என்பது திரும்பிய அளவேயன்றிக் கோட்டின் நீளமன்று.

இரண்டாவது, சாய்ந்து நிற்கும் செங்கோணத்தைச் செங்கோணமென ஏற்க மறுப்பது. பாடநூற் படங்களில் ஒரு கை கிடையாகவும் மற்றது நிமிர்ந்தும் இருப்பதே இதற்குக் காரணம். கரும்பலகையில் வரையும் மூன்று செங்கோணங்களுள் இரண்டையாவது சாய்த்து வரைதல் நலம்.

மூன்றாவது, எல்லைகளைப் பற்றிய குழப்பம். 90 பாகை குறுங்கோணத்திலும் சேராது, விரிகோணத்திலும் சேராது. 180 விரிகோணம் அன்று. 89, 90, 91 ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கொடுத்து வகை கேட்டால் இது தெளிவாகும். வரையறையில் செங்கோணம் என்பது மிகத் துல்லியமான ஒன்று. அளவிலோ ஒரு பாகை முன்பின் ஆவது இயல்பு. ஆகவே, வரைந்த ஒரு கோணம் 89 என்றோ 91 என்றோ அளவானால், கருவியும் கண்ணும் தரும் பிழையை எண்ணிப் பார்த்து, காகித மூலையால் மீண்டும் சோதிக்கப் பழக்குதல் வேண்டும்.

நான்காவது, பின்வளைகோணத்தைக் காணாதிருத்தல். இரு கைகள் சந்திக்குமிடத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கோணங்கள் உள்ளன. உள்ளே 60 எனில் வெளியே 300. எந்தக் கோணம் கேட்கப்படுகின்றது என்பதை ஒரு சிறு வளைகோட்டால் குறிக்கும் வழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்துதல் வேண்டும்.

இவற்றுக்குப் பின்னரே கோணமானியைக் கொடுத்தல் வேண்டும். ஒவ்வொரு கோணத்துக்கும் மூன்று பத்திகள் எழுதச் செய்யலாம்: முதலிற் கண்ணால் துணிந்த வகை, அடுத்து அளந்த பாகை, மூன்றாவது அளவின்படி வகை. முதற்பத்தியும் மூன்றாம் பத்தியும் முரண்பட்டால், ஆசிரியர் சொல்லாமலே மாணாக்கர் கருவிக்குத் திரும்புவர். 70, 110 குழப்பம் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுகோடியில் நண்பகற் சூரியன்

வகுப்பறைக்கு வெளியே இப்பாடத்துக்கு மிகச் சிறந்த துணையாக அமைவது வானம். அடுகோடி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகை 57 கலையில் உள்ளது. கடகரேகைக்குத் தெற்கே அமைந்த இடமாதலால், ஆண்டில் இருமுறை நண்பகற் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். பெங்களூரில் இது ஏப்ரல் 24 அல்லது 25-இலும், ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும் நிகழ்கின்றது. அந்நாட்களில் நிமிர்ந்து நிற்கும் கோலுக்கு நண்பகலில் நிழல் இல்லை. அடுகோடியை அடுத்த கோரமங்கலத்தில் அமைந்துள்ள இந்திய வான்பௌதிக நிலையம், 'நிழலில்லா நாள்' எனப்படும் இந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கிக் காட்டியுள்ளது. அந்நிலையம் 18-ஆம் நூற்றாண்டில் தோன்றிய சென்னை வானாராய்ச்சிக் கூடத்தின் வழிவந்ததாகும்.

தெற்குத் தொடுவானத்திலிருந்து தொடங்கி, நண்பகற் சூரியன் வரை மேல்நோக்கிக் கோணத்தை அளப்பதாகக் கொள்வோம். டிசம்பர் 22-ஐ ஒட்டி அக்கோணம் ஏறத்தாழ 53½ பாகை, அது குறுங்கோணம். மார்ச்சு 21-இலும் செப்டம்பர் 23-இலும் ஏறத்தாழ 77 பாகை, அதுவும் குறுங்கோணமே. ஏப்ரல் 24-இல் 90 பாகை, செங்கோணம். ஜூன் 21-இல் சூரியன் உச்சியைக் கடந்து வடக்கே சாய்ந்திருக்கும், அப்போது கோணம் ஏறத்தாழ 100½ பாகை, அது விரிகோணம். ஆகஸ்டு 18-இல் மீண்டும் செங்கோணம். இவ்வாறு ஓராண்டில் சூரியன் மூவகைக் கோணங்களையும் அடுகோடியின் வானத்தில் வரைந்து காட்டுகின்றது. டெல்லியில் இதனைக் காண இயலாது. அந்நகர் கடகரேகைக்கு வடக்கே இருப்பதால், அங்கு நண்பகற் கோணம் எந்நாளும் குறுங்கோணமாகவே இருக்கும். கன்னியாகுமரியிலோ ஜூன் மாதக் கோணம் 105 பாகையையும் கடந்து விரியும்.

சோதனை செய்யும் முறை எளியது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோல் ஒன்றைத் தூக்குக்குண்டால் சரிபார்த்துச் செங்குத்தாக நிறுத்தி, பகல் 12 மணி முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்க ரேகையைக் கொண்டு அமைந்ததாலும், பெங்களூர் அதற்கு மேற்கே ஏறத்தாழ 5 பாகை தள்ளியிருப்பதாலும், அங்கு உண்மை நண்பகல் 12.20 மணியை ஒட்டி நிகழும். மிகக் குறுகிய நிழலே நண்பகல் நிழல். டிசம்பர் 22-இல் அது வடக்கு நோக்கி ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் நீளம் கிடக்கும். ஜூன் 21-இல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 18½ சென்டிமீட்டர் இருக்கும். கோலைப் பத்து சென்டிமீட்டராகக் குறுக்கி, நிழலையும் அதே விகிதத்தில் தாளில் வரைந்து, நிழல் நுனியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் அளக்கலாம். சிறுவர் சூரியனை நேராகப் பார்க்காதபடி கவனித்தல் வேண்டும். நிழலை மட்டுமே நோக்குதல் போதுமானது.

ஜூன் மாத அளவில் ஒரு படிப்பினை உண்டு. தாளில் கிடைக்கும் கோணம் ஏறத்தாழ 79½ பாகை. ஆயினும் அது வடக்குத் தொடுவானத்திலிருந்து எண்ணிய கோணம். தெற்கிலிருந்து எண்ணினால் 180-இலிருந்து 79½-ஐக் கழித்து 100½ பெறப்படும். கோணமானியின் விளிம்பில் உள்ள இரண்டு எண்வரிசைகளும் இவ்வாறே அமைந்தவை. ஒன்று தெற்கிலிருந்து எண்ணுவது போன்றது, மற்றது வடக்கிலிருந்து எண்ணுவது போன்றது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகின்றோம் என்பதை முதலில் துணிந்தவருக்கு 70-ஐயும் 110-ஐயும் மாற்றி எழுதும் தவறு நேராது. நிழல் விழும் திசையே வகையைக் கூறிவிடுகின்றது: வடக்கே விழுந்தால் குறுங்கோணம், விழாவிட்டால் செங்கோணம், தெற்கே விழுந்தால் விரிகோணம்.

ஏப்ரல் மாத நாள் பள்ளிகளின் கோடை விடுமுறையில் அமைந்துவிடும். ஜூனிலும் ஆகஸ்டிலும் மேகம் மறைக்கக்கூடும். ஆகவே குறித்த ஒரு நாளையே நம்பியிராது, வெயில் கிடைக்கும் நாட்களில் எல்லாம் நிழலைக் குறித்து வைத்து, தேதியும் திசையும் நீளமும் கொண்ட ஒரு பதிவேட்டை ஆண்டு முழுவதும் நடத்துவது பயன் தரும். சென்னையும் ஏறத்தாழ இதே அகலாங்கில் அமைந்துள்ளமையால், அங்குள்ள பள்ளிகளும் இச்சோதனையை அவ்வாறே செய்யலாம். நண்பகல் மட்டும் அங்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முற்பட்டு வரும்.

பட்டறையிலும் களத்திலும்

வகை தவறினால் விளையும் நட்டத்தைச் சிறுவர் காணுமாறு தொழிலிலிருந்து எடுத்துக்காட்டுக்கள் தருதல் வேண்டும். அடுகோடி இயந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம். 1951-இல் இந்தியாவில் உற்பத்தியைத் தொடங்கிய பாஷ் நிறுவனத்தின் வளாகம் அங்கே உள்ளது. பல்லாண்டு மைகோ என வழங்கிய அது 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. அங்கே அறியப்பட்ட பொருள்களுள் ஒன்றான ஸ்பார்க் பிளக்கின் மரையில், இரு சரிவுகளுக்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகை, அது குறுங்கோணம். பொதுப் பயனுக்குரிய டிரில் பிட்டின் முனைக்கோணம் 118 பாகை, அது விரிகோணம். 118-ஐ மறுவரிசையில் படித்தால் 62 ஆகும். அந்த அளவுக்குத் தீட்டிய முனை ஊசிபோல் கூர்ந்து, இரும்பில் விரைவில் மழுங்கும். கண்ணால் ஒருமுறை பார்த்து 'இது விரிகோணமாக இருக்க வேண்டும்' என்று அறிந்த தொழிலாளி அவ்வாறு தீட்டமாட்டார்.

களப்பணியாளருக்கும் இது பொருந்தும். பெங்களூரை ஒட்டிய இடங்களில் சூரிய மின்பலகையை ஓரிடத்தில் நிலையாகப் பொருத்துவோர், அதைத் தெற்கு நோக்கி, அகலாங்குக்கு ஏறத்தாழச் சமமாக 13 பாகை அளவில் சாய்ப்பது வழக்கம். அதே பலகை தளத்துடன் மறுபுறம் ஆக்கும் கோணம் 167 பாகை. குறிப்பேட்டில் எந்தக் கோணம் எழுதப்பட்டுள்ளது என்பதை அறியாவிடில் வேலை பிழைபடும். சுவரில் சாத்தும் ஏணி தரையுடன் ஏறத்தாழ 75 பாகை இருத்தல் பாதுகாப்பானது. அதாவது நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு அடி தள்ளி நிற்க வேண்டும்.

நில அளவையின் வரலாறும் இதையே உணர்த்துகின்றது. வில்லியம் லாம்டன் 1800-இல் பெங்களூருக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். 1802-இல் சென்னைப் பரங்கிமலையை ஒட்டி மற்றோர் அடிக்கோட்டை அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையும், 36 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டும் கொண்ட கோணமானி அவ்வேலைக்குப் பயன்பட்டது. அத்துணைப் பெரிய கருவி இருந்தும் அதன் எண்களை அப்படியே நம்பிவிடுவது அளவையாளரின் வழக்கமன்று. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் தனித்தனியே அளந்து, கூட்டினால் 180 பாகையை ஒட்டி வருகின்றதா என்று பார்ப்பர். பூமியின் வளைவினால் மிகச் சிறிதளவு கூடுதலாக வரும். அதற்கும் கணக்கு உண்டு. கருவி தந்த எண்ணை வேறொரு வழியால் சோதித்துப் பார்க்கும் இப்பழக்கத்தின் முதற்படியையே சிறுவர் தம் மூன்று பத்திக் குறிப்பில் பயில்கின்றனர்.

சோதிக்கும் வினாக்கள்

பாடம் முடிந்தபின், '95 பாகை எவ்வகைக் கோணம்?' என்னும் வினா ஒன்றே போதாது. வரையறையை மனப்பாடம் செய்தவர் இதற்கு விடை கூறிவிடுவர். 'ஒரு மாணவி இக்கோணத்தை 65 பாகை என்று எழுதியிருக்கின்றாள். அளக்காமலே அது சரியா தவறா என்று கூறு' என ஒரு விரிகோணத்தை வரைந்து கேட்கலாம். 'இரண்டு குறுங்கோணங்களைச் சேர்த்தால் எப்போதும் விரிகோணம் வருமா?' என்று கேட்டால், 20-உம் 30-உம் சேர்ந்து குறுங்கோணமே ஆவதையும், 40-உம் 50-உம் சேர்ந்து செங்கோணம் ஆவதையும், 70-உம் 80-உம் சேர்ந்து விரிகோணம் ஆவதையும் அவர்களே கண்டுபிடிப்பர். 'ஒரு முக்கோணத்தில் இரண்டு விரிகோணங்கள் இருக்கலாமா?' என்ற வினா அடுத்த வகுப்பின் பாடத்துக்கு வழிகாட்டும்.

இப்பாடத்துக்கு வேண்டிய பொருள்கள் பழைய செய்தித்தாள், ஒரு கோல், நூலில் கட்டிய ஒரு கல், ஒரு கோணமானி ஆகிய நான்கே. நூலில் கட்டிய கல்லே தூக்குக்குண்டாகும். ஆண்டுத் தொடக்கத்தில் காகித மூலையுடன் இரண்டு பாட வேளைகளும், பின்னர் கோணமானியுடன் இரண்டு பாட வேளைகளும் ஒதுக்கி, நிழற் பதிவேட்டை ஒவ்வொரு வாரமும் ஒரு மாணாக்கரின் பொறுப்பில் விட்டால், ஆண்டு முடிவதற்குள் வகுப்பு முழுவதும் அதில் பங்கேற்றுவிடும்.